உளநோய்க் காப்பகத்திற் பிறந்த ஓவியங்கள்

உளநோய் வாய்ப்பட்டார் வரையும் சித்திரங்கள் நோயின் அடையாளங்களே அன்றிக் கலை ஆகா என்பது நெடுங்காலம் நிலவிய கருத்து. அக்கருத்துத் தளர்ந்த வரலாற்றையும், அது மீண்டும் தலைதூக்கி விளைத்த கேட்டினையும் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

கலை வரலாறும் மருத்துவமும் ஒருங்கே பயின்ற ஹான்ஸ் பிரின்ஸ்ஹோர்ன் என்பார் 1919 இல் அந்நகர்ப் பல்கலைக்கழக உளநோய் மருத்துவமனையிற் பணியேற்றார். பல காப்பகங்களுக்கும் மடல் எழுதி நோயாளர் ஆக்கங்களைத் தருவித்தார். ஏறக்குறைய 450 பேர் இயற்றிய 5000 அளவிலான ஆக்கங்கள் சேர்ந்தன. பெரும்பாலோர் முறைப்படி ஓவியம் பயிலாதவர். வரையுமாறு எவரும் பணித்ததுமில்லை. கிடைத்த பொதித்தாளே அவர்க்கு ஓவியத்தாள் ஆயிற்று.

தையற்றொழில் செய்த ஆக்னஸ் ரிக்டர் காப்பகத் துணியிலே சட்டை தைத்து, அதன்மீது தம் வாழ்க்கைக் குறிப்புகளை நூலால் எழுதினார். எம்மா ஹௌக் 1909 இல் கணவருக்கு எழுதிய மடல்களிலே, தம்மிடம் வருமாறு வேண்டும் சொற்களே ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து தாள் கருமையுற்றிருக்கும். அம்மடல்கள் அவரைச் சென்றடையவில்லை. தொலைவில் நின்று நோக்குவார்க்கு அவை வெறுங் கோடுகள். அணுகி நோக்குவார்க்கு ஒருத்தியின் அழைப்பு. காத்திருத்தலின் துயரை வன்னித் தாய்மார்க்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

பிரின்ஸ்ஹோர்ன் 1922 இல் தம் ஆய்வினை நூலாக்கினார். தன்னை வெளியிடல், விளையாடல், அணிசெய்தல், ஒழுங்குபடுத்தல், போலச் செய்தல், குறியீடு படைத்தல் ஆகிய உந்தல்கள் மாந்தர் யாவர்க்கும் பொது. நோய் அவற்றை எழுப்பலாமேயன்றிப் புதிதாய் ஆக்குவதில்லை என்பது அவர் துணிபு. சித்திரத்தின் தோற்றத்தைக் கொண்டே வரைந்தவரை நோயாளர் எனத் துணிதல் தவறென்றும் எச்சரித்தார். பவுல் கிளே, மாக்ஸ் ஏர்ன்ஸ்ட் முதலிய ஓவியர் அந்நூலைப் பெரிதும் மதித்தனர்.

நாட்சிகளோ அவ்வெச்சரிக்கையைத் தலைகீழாக்கினர். 1937 இல் மியூனிக்கிற் தொடங்கிய 'சீரழிந்த கலை'க் கண்காட்சி பிற நகரங்களுக்குச் சென்றபோது, ஹைடல்பேர்க் ஆக்கங்களைப் புதுமை ஓவியர் படைப்புகளோடு ஒப்புவைத்து இருசாராரையும் இகழ்ந்தனர். நோயாளரை மனிதராகக் கருதாத அவ்வாட்சி, 1940, 1941 ஆம் ஆண்டுகளில் 70,000 இற்கு மேற்பட்டோரை நச்சுவாயுவாற் கொன்றது. பிரின்ஸ்ஹோர்ன் தம் நூலிற் போற்றிய இரும்புக் கலைஞர் பிரான்ஸ் கார்ல் பியூலரும் 1940 இல் கிராபெனெக்கில் அவ்வாறே மாண்டார். எஞ்சிய ஓவியங்கள் 2001 முதல் ஹைடல்பேர்க்கிற் தனி அரும்பொருளகத்தில் உள்ளன. நூலிற் புனைபெயரால் மறைக்கப்பட்டிருந்த ஓவியர் இன்று இயற்பெயராலேயே அறியப்படுகின்றனர்.

தமிழகத்திலே, காப்பகவாசியல்லராயினும் உளநோயால் வருந்திய கே. இராமானுஜத்தை ஆசிரியர் கே. சி. எஸ். பணிக்கர் ஆதரித்தார். சோழமண்டலக் கலைஞர் கிராமத்தில் வாழ்ந்து, மைக்கோடுகளாற் கனவு மாளிகைகளை வரைந்த அவர் 1973 இல் இளமையிலேயே மறைந்தார். நோயை மட்டும் நோக்கியிருந்தால் அம்மாளிகைகள் நமக்குக் கிட்டியிரா.

நம்மிடையே 'அங்கொடை' என்னும் ஊர்ப்பெயர், ஆங்கு உளநோய் மருத்துவமனை இருப்பதனாலேயே ஏச்சாக வழங்கிவருகின்றது. போரின் வடு ஆறாத வன்னியில் அவ்வேச்சு, உதவி தேடவேண்டியவரை வீட்டுக்குள் ஒடுங்கச் செய்யும். மாணவனொருவன் கொப்பியின் ஓரத்தில் விளங்காத உருவொன்றை வரைந்திருப்பின் அதனை நோயென்று அஞ்சவும் வேண்டா, குறும்பென்று கிழிக்கவும் வேண்டா. அருகமர்ந்து, அது யாதென அவனையே கேட்டறிதல் ஆசிரியர் கடன்.