உப்புச் சதுப்பின் ஐந்தொகை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கான்கார்ட் ஊரருகே, ரூட் ஸ்பிரிங் என்றொரு குளிர்நீர் ஊற்று. விட்டம் 2 மீட்டர். ஆழம் 10 முதல் 20 சென்டிமீட்டர். ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஜான் டீல் இயற்கைக்குக் கணக்கெழுதத் தொடங்கியது இந்த ஊற்றில்தான். 1957இல் வெளியான அக்கணக்கின்படி வரவு, சதுர மீட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 3,080 கிலோகலோரி. அதில் 76% கரை மரங்களிலிருந்து விழுந்த இலை, கனி, சுள்ளி. ஊற்றுக்குள்ளேயே ஒளிச்சேர்க்கையால் விளைந்தது 23%. சொந்த விளைச்சலைப் போல 3 மடங்குக்கு மேல் கரையிடம் வாங்கித் தின்ற ஊற்று அது.

அடுத்த கணக்கு ஜார்ஜியாவின் சாப்பெலோ தீவில், ஓதம் ஏறி இறங்கும் உப்புச் சதுப்பில். 1962இல் ‘எக்காலஜி’ இதழில் 11 பக்கங்களில் வெளிவந்தது. சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு விழுந்த வெயில் 6,00,000 கிலோகலோரி. ஸ்பார்ட்டினா புல்லும் பாசியும் பிடித்தது 36,380, அதாவது 6.1%. பிடித்ததில் 28,175ஐ, 77%ஐ, தாவரங்கள் தம் சுவாசத்திலேயே செலவிட்டன. நிகர விளைச்சல் 8,205.

இந்த 8,205ஐ யார் தின்றார்கள்? பாக்டீரியா 3,890, முதல்நிலை நுகரிகளான பூச்சி, நண்டு, நத்தை எல்லாம் சேர்த்து 596, அவற்றைத் தின்ற விலங்குகள் 48. கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் செலவு, சேற்றில் ஓடும் நண்டு வகையறாவின் செலவைப் போல 6.5 மடங்கு. கடைசி 48, விழுந்த வெயிலில் 12,500இல் ஒரு பங்கு.

மூன்றையும் கூட்டினால் 4,534. மிச்சம் 3,671, நிகர விளைச்சலில் 45%. டீல் இதை ஓதத்தோடு வெளியேறிய ஏற்றுமதி எனக் குறித்தார். ஊற்று கடன்காரன் என்றால் சதுப்பு கொடையாளி. ஆனால் 3,671 கழித்துக் கிடைத்த எண். அளந்த எண் அன்று. மேலே உள்ள எந்த வரியில் பிழை இருந்தாலும் அது இந்த வரியில்தான் வந்து விழும். இந்த எண்ணை வைத்தே சதுப்பு கடலை ஊட்டுகிறது என்ற பேச்சு பெருகியது. 1980இல் ஆய்வாளர் ஸ்காட் நிக்சன் 20 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அதில் ஊகத்தின் பங்கு பெரிது என்றார்.

அதற்கு முந்தைய ஆண்டே டீல் ஓதத்தை அளந்த கணக்கு வந்துவிட்டது. வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் இருந்த அவரும் சக ஆய்வாளர் ஐவன் வலியேலாவும் மாசசூசெட்ஸின் கிரேட் சிப்பிவிசெட் சதுப்பில், சுமார் 48 ஹெக்டேரில், நைட்ரஜனைக் கணக்கிட்டனர். ஆண்டுக்கு ஓதம் கொண்டுவந்தது 26,200 கிலோகிராம், கொண்டுபோனது 31,600. நிகர ஏற்றுமதி 5,400 கிலோகிராம், ஹெக்டேருக்குச் சுமார் 112. நிலத்தடி நீர் தந்தது 6,120. நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து பிடித்தது 3,280. காற்றுக்கே திருப்பி விட்டது 6,940. மற்றச் சிறு வரிகளையும் சேர்த்து மொத்த வரவு 35,990, செலவு 39,870. பற்று 3,880 கிலோகிராம். ஓதம் கொண்டுபோன 31,600ஐ 12% கூடுதலாக அளந்திருந்தால் இந்தப் பற்று ஏறக்குறைய மறைந்துவிடும். ஏற்றுமதி உண்டு என்று சொல்லலாம். எவ்வளவு என்பதை உறுதியாகச் சொல்வது கடினம்.

டீலின் கணக்கில் இன்னொரு வரவும் உண்டு. அதை யாரும் விரும்பி ஏற்கவில்லை. 1969 செப்டம்பர் 16 அன்று ‘புளோரிடா’ என்ற சரக்குப் படகு வெஸ்ட் பால்மத் கரையருகே தரைதட்டி, சுமார் 7,00,000 லிட்டர் எரிஎண்ணெயைக் கொட்டியது. டீலும் சக ஆய்வாளர்களும் 1979லும், விபத்துக்கு 20 ஆண்டுக்குப் பிந்தைய நிலையை வைத்து 1992லும் அதன் கதியை எழுதினர். 2002இல் வெளியான ஆய்வில் வேறொரு குழு அந்தக் கரையின் சதுப்பில் 6 முதல் 28 சென்டிமீட்டர் ஆழத்தில் எண்ணெய் எச்சத்தைக் கண்டது. உச்ச அளவு, கிராம் மண்ணுக்குச் சுமார் 8 மில்லிகிராம். விபத்தை ஒட்டி அளந்ததற்குச் சமமானது.