வாயிற்படியும் பசையும்

இரண்டு பொருள்களை ஒட்டவேண்டுமானால், கடையிற் கிடைப்பவற்றுள் மிக வலிய பசையை வாங்கிப் பூசினாற் போதும் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். இந்த எண்ணம் பல வீடுகளில் வீண் செலவுக்கும் மனச்சோர்வுக்கும் காரணமாகின்றது. எவற்றை ஒட்டப்போகிறோம், ஒட்டிய பிறகு அவை என்ன பாடுபடப் போகின்றன என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே பசையைத் தேடவேண்டும். இவ்வுண்மையை விளக்குவதற்குப் புதுச்சேரி நகரத்து வீடுகளில் நேரக்கூடிய சிறிய காரியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மோட்டார் வண்டி நிறுத்தும் கொட்டகையின் வாயிலில், மழைநீர் உள்ளே புகாதபடி ஒரு ரப்பர்ப் பட்டையைத் தரையோடு ஒட்டும் காரியமே அது.

இக்கொட்டகையைக் குறிக்க நாம் வழங்கும் ‘காரேஜ்’ என்னும் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து உலகெங்கும் பரவியது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு அச்சொல் நேராகவே வந்து சேர்ந்திருக்கவேண்டும். நகரமோ கடலை ஒட்டியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வடகிழக்குப் பருவக்காற்று மழையைச் சாய்வாக வீசியடிக்கிறது. ஷட்டர் கதவு எவ்வளவு நன்றாக இறங்கினாலும், அதன் அடிவிளிம்புக்கும் தரைக்கும் இடையே ஒரு விரற்கிடை எஞ்சும். அந்த வழியே நீர் உள்ளே வருகிறது. உடன் மணலும் உப்பும் வருகின்றன. கதவின் அடிவிளிம்பு வந்து அமரும் இடத்தில், இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரமுள்ள ரப்பர் மேட்டைத் தரையோடு ஒட்டிவிட்டால், காற்றோடு வரும் சாரலையும் தெருவில் வழிந்தோடும் நீரையும் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

இதன் எல்லையையும் அறிந்துகொள்ளவேண்டும். 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபொழுது, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை அந்நகரில் பெய்தது. அத்தகைய வெள்ளத்தை எந்தப் பட்டையும் தடுக்காது. அதற்கு வடிகாலும் தரையின் உயரமுமே துணை. நாம் பேசுவது ஆண்டுதோறும் வரும் சாதாரண மழையைப் பற்றியது.

முதலில் ஒட்டுதல் என்பது யாது என்று பார்ப்போம். தாமரை இலைமேல் விழுந்த நீர் முத்தாகத் திரண்டு உருண்டோடுகிறது. தூய கண்ணாடிமேல் விழுந்த நீரோ பரவிப் படிகிறது. கண்ணாடியை நீர் நனைக்கிறது. தாமரை இலையை நனைப்பதில்லை. பசைக்கும் இதுவே முதல் விதி. பூசப்படும் பொழுது அது நீர்மமாக இருந்து, பொருளின் முகத்தை நனைத்து, அதன் நுண்ணிய பள்ளங்களிலெல்லாம் புகவேண்டும். அப்பொழுதுதான் பசையின் மூலக்கூறுகளும் பொருளின் மூலக்கூறுகளும் ஒன்றையொன்று கவரும் அளவுக்கு நெருங்கும். அதன் பின்னர் பசை இறுகவேண்டும். நனைத்தல், நெருங்குதல், இறுகுதல் என்னும் மூன்றில் எது தவறினாலும் ஒட்டு நில்லாது.

இடையில் தூசியோ எண்ணெயோ இருந்தால், பசை தூசியை நன்றாகப் பற்றிக்கொள்ளும். தூசியோ தரையைப் பற்றுவதில்லை. மிதிவண்டிக் குழாயில் துளை அடைப்பவர் முதலில் அவ்விடத்தை உப்புத்தாளால் தேய்ப்பதைக் கண்டிருப்பீர்கள். அழுக்கையும் மேற்படலத்தையும் நீக்கிப் புதிய முகத்தை வெளிப்படுத்தவே அவ்வாறு செய்கிறார். பிறகு ‘சொலூஷன்’ பூசி, உடனே ஒட்டாமல் சிறிது நேரம் உலரவிடுகிறார். அந்தப் பொறுமைக்குள்ளும் விஞ்ஞானம் இருக்கிறது: பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகி வெளியேற வழிவிட்ட பிறகே, இரண்டு முகங்களையும் அவர் சேர்த்து அழுத்துகிறார்.

இனி நம் இரண்டு முகங்களையும் ஆராய்வோம். கீழ் முகம் சிமெண்டுத் தரை. அது பார்வைக்குக் கல்லைப்போல் இருப்பினும், நுண்துளைகள் நிறைந்தது, நிலத்து ஈரத்தை மேலே இழுப்பது, காரத்தன்மை மிக்கது. புதிதாகப் போட்ட தளமானால், 28 நாளேனும் கழிந்த பிறகே அதன்மேல் எதையும் ஒட்டுவது நலம். தளம் போடும்போது மேலே மிதந்து படியும் சிமெண்டுப் பால் வலுவற்ற ஒரு மெல்லிய ஏடாக உலர்ந்திருக்கும். அதனைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்கவேண்டும். தரையில் ஈரம் ஏறுகிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் சதுரமுள்ள பாலிதீன் தாளைத் தரைமேல் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப்புகாமல் மூடி, ஓர் இரவு முழுவதும் விட்டுவையுங்கள். மறுநாள் தாளின் அடியில் நீர்த்துளி பூத்திருந்தாலும், தரை கறுத்திருந்தாலும், ஈரம் கீழிருந்து வருகிறது என்று பொருள்.

மேல் முகம் ரப்பர். எல்லா ரப்பரும் ஒன்றல்ல. வெயிலையும் மழையையும் நெடுநாள் தாங்குவதற்கென்றே செய்யப்படும் எத்திலீன் புரொப்பிலீன் ரப்பர், தாமரை இலையைப் போலவே பசையால் எளிதில் நனையாதது. ஆதலால் பட்டை எந்த ரப்பரால் ஆனது என்று வாங்கும்பொழுதே கேட்டறிய வேண்டும். புதிய ரப்பரின்மேல் அச்சிலிருந்து எளிதாக எடுப்பதற்காகப் பூசப்பட்ட மெழுகோ, தூளோ இருத்தல் உண்டு. அதனைத் துடைத்துத் தேய்த்து நீக்கவேண்டும்.

அடுத்து, ஒட்டிய பிறகு அவ்விடம் படும் பாட்டைக் கணக்கிடுவோம். தரை வெயிலில் 20 பாகை சென்டிகிரேடு சூடேறுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டரை மீட்டர் அகலமுள்ள வாயிலில் சிமெண்டுத் தரை அரை மில்லிமீட்டர் அளவே நீளும். ரப்பரோ அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் நீளும் இயல்புடையது. கட்டின்றி விட்டால் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். இரவில் இரண்டும் சுருங்கும். இந்த இழுபறி முழுவதும் நடுவிலுள்ள பசையின்மேல் விழுகிறது. அதன்மேல் வண்டியின் சக்கரம் ஏறுகிறது. நின்ற நிலையில் சக்கரத்தைத் திருப்பினால் பட்டை பக்கவாட்டில் முறுக்கப்படுகிறது. பட்டையின் ஓரத்தை உரித்தெடுப்பது போன்ற விசையே எல்லாவற்றிலும் கொடியது. அகன்ற பரப்பு முழுவதும் பங்கிட்டுத் தாங்கவேண்டிய சுமை, உரிக்கும்பொழுது ஒரு மெல்லிய கோட்டின்மேல் மட்டும் குவிந்துவிடுகிறது. கடித உறையில் ஒட்டிய தபால்தலையைப் பக்கவாட்டில் தள்ளிப் பெயர்க்க முடியாது. ஒரு மூலையைத் தூக்கிவிட்டாலோ உரிந்து வந்துவிடும்.

இத்தனையும் அறிந்த பின்பு பசைகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம். தச்சர்கள் பழங்காலந்தொட்டு வழங்கிய வச்சிரம், விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சி எடுப்பது. மரத்துக்கு ஏற்றது, நீரில் இளகுவது. இன்று தச்சுக்கூடங்களில் காணும் வெண்ணிறப் பசையும் ஈரத்திற்கும் காரத்திற்கும் ஆற்றாதது. ஆகவே இரண்டும் இங்கே உதவா. இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும் எபாக்சிப் பசை மிக வலியது, நீருக்கு அஞ்சாதது. சிமெண்டோடு உலோகத்தைப் பிணைக்க அதற்கு நிகரானவை சிலவே. ஆனால் அது கண்ணாடியைப்போல் விறைப்பாக இறுகுகிறது. ரப்பர் நெளியும்பொழுது எபாக்சி நெளியாமையால், விசை ஓரங்களிற் குவிந்து, ரப்பரின் பக்கத்தில் ஒட்டு விடுகிறது. மிக வலிய பசை தோற்கும் இடம் இதுவே.

இருபுறமும் பூசி உலரவிட்டு அழுத்தும் ரப்பர்ப் பசை, ரப்பரை நன்றாகப் பற்றும், நெளியவும் செய்யும். எனினும் மேடுபள்ளமான தரையில் அதனால் இடைவெளியை நிரப்ப இயலாது. கடும் வெயிலில் அது இளகவும் கூடும். சிலிக்கோன் பசையில் இருவகை உண்டு. இறுகும்பொழுது புளிக்காடி மணம் வீசும் வகையிலிருந்து அமிலம் வெளிப்பட்டு, தரையின் காரத்தோடு வினைபுரிந்து, ஒட்டைக் கெடுத்துவிடும். மணமற்ற நடுநிலை வகையே சிமெண்டுக்குத் தக்கது. எஞ்சியது பாலியூரிதேன் பசை. இது காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டே இறுகுகிறது. இறுகிய பின்னும் ரப்பரைப்போல நீண்டு சுருங்குகிறது. தரையின் சிறு பள்ளங்களை நிரப்புகிறது. உரிய முறையில் தூய்மை செய்த சிமெண்டையும் பலவகை ரப்பரையும் பற்றுகிறது. எபாக்சியைக் காட்டிலும் வலிமை குறைந்ததாயினும், நம் வாயிலுக்கு இதுவே பொருத்தமானது.

பாலியூரிதேன் புறத்திலிருந்து உள்நோக்கி, நாளொன்றுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவிலேயே இறுகும். ஆதலால் பட்டையின் அடியில் முழுவதும் அப்பிவிடாமல், இடைவெளி விட்டுக் கோடுகளாகப் பிழிந்து வைக்கவேண்டும். தெருப்பக்கத்து விளிம்பில் மட்டும் விடுபடாத ஒரு கோடு ஓடவேண்டும். மழை தொடங்குமுன், வறண்ட நாட்களில் ஒட்டி, சில நாட்கள் வண்டியை ஏற்றாது விடவேண்டும். கரைப்பான் கலந்த எந்தப் பசையைப் பூசும்பொழுதும் கதவைத் திறந்து வைப்பதும், அருகில் நெருப்பு இல்லாதபடி காப்பதும் கட்டாயம்.

முழுப் பட்டையையும் ஒட்டுமுன் ஒரு சிறு துண்டை ஒட்டி, ஒரு வாரம் சென்றபின் இழுத்துப் பார்ப்பது அறிவுடைமை. பசை முழுவதும் ரப்பரோடு வந்துவிட்டால் தரையைச் சரியாகத் தேய்க்கவில்லை என்று பொருள். பசை முழுவதும் தரையிலேயே தங்கிவிட்டால் குறை ரப்பரின் பக்கத்தில் இருக்கிறது. பசையே நடுவில் கிழிந்து இருபுறமும் தங்கினால், இரு முகங்களையும் அது நன்றாகப் பற்றியிருக்கிறது. அறுந்த ஒட்டுங்கூட ஓர் ஆசிரியரே.

புதுச்சேரியில் இதைவிடப் பெரிய பாடம் ஒன்றும் உண்டு. அந்நகரின் பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுந்தவை. கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்த சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது. அதுவும் ஒரு பசையே. அது சிமெண்டைக் காட்டிலும் மென்மையானது. ஈரத்தை உள்ளே விட்டு மறுபடியும் வெளியே விடுவது. சுவர் சிறிது அசைந்தால் தானும் இசைந்து கொடுப்பது. அத்தகைய சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தை வலிய சிமெண்டினால் மூடினால், உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. கடற்காற்றின் உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்குகிறது. சிமெண்டுப் பூச்சு மட்டும் சிலகாலம் உறுதியாக நிற்கும். பின்னர் செங்கல்லின் மேற்புறத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும்.

நீர் பழைய கட்டடங்களுக்கு எத்தகைய பகை என்பதை அந்நகரம் கண்ணெதிரே கண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்து, நெடுநாள் பழுதுற்றிருந்த மேரி கட்டடம், 2014 நவம்பர் இறுதியில் மழைக்கிடையே இடிந்து வீழ்ந்தது. அதனை மீண்டும் எழுப்பி, 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். எல்லா வீட்டுக்கும் அவ்வாறு இரண்டாம் பிறவி கிட்டுவதில்லை. ஆகவே உங்கள் கொட்டகை பழைய சுண்ணாம்புச் சுவரோடு சேர்ந்திருந்தால், தரைக்குரிய பசையைச் சுவரின்மேல் ஏற்றாதீர்கள். சுவரோரத்து வெடிப்பைச் சுண்ணாம்புச் சாந்தினாலேயே அடையுங்கள்.

மருந்தை நோயறிந்து கொடுப்பதுபோல, பசையையும் பொருளறிந்து கொள்ளவேண்டும். ஒட்டும் முகங்கள் எவை, அவற்றிடையே ஈரம் உண்டா, அவை எவ்வளவு அசையும், எப்பக்கம் இழுக்கப்படும் என்னும் இந்நான்கையும் கேட்டு விடை கண்டவர், கடையில் எத்தனை வகைப் பசை அடுக்கியிருந்தாலும் மயங்கமாட்டார். அடுத்த மழைக்காலத்தில் அவருடைய வாயிலே அதற்குச் சான்று கூறும்.