பெரிய பை மலை ஏற வேண்டாம்

கோயம்புத்தூரில் கல்யாணம். வந்ததுதான் வந்தோம், ஊருக்குத் திரும்புமுன் ஒரு நாள் ஊட்டி, குன்னூர் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கிளம்புகிற குடும்பங்களை மேட்டுப்பாளையத்தில் அடிக்கடி பார்க்கலாம். மலையில் அறை எடுக்கும் எண்ணம் இருக்காது. காலையில் ஏறி, சாயங்காலம் இறங்கி, இரவு ரயிலைப் பிடிக்க வேண்டும். கூடவே சக்கரம் வைத்த இரண்டு பெட்டி, பட்டுப்புடவை மடித்து வைத்த ஒரு தோள்பை, கல்யாண வீட்டில் கொடுத்த பலகாரக் கட்டைப்பை. இவ்வளவையும் பொட்டானிக்கல் கார்டன் மேட்டில் இழுத்துக்கொண்டு நடக்க முடியாது. எங்கே வைப்பது?

இந்தக் கேள்வியை எல்லோரும் ‘எந்த இடம் பத்திரம்’ என்றே கேட்கிறார்கள். ‘தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார்’ என்று கேட்டுப் பார்த்தால் விடை சுலபமாகக் கிடைக்கும். கையில் ரசீது கொடுப்பவரிடம் வைக்க வேண்டும். அப்படிப்பட்டவர் மலையின் மேலே கிடைப்பதைவிடக் கீழே கிடைப்பதுதான் எளிது. ஆகவே பெரிய பையை மலை ஏற்றாமல் கீழேயே விட்டுவிடுவது நல்லது.

முதல் வழி ரயில் நிலைய கிளாக் ரூம். கோவை, மதுரை போன்ற பெரிய சந்திப்புகளில் இது உண்டு. சின்ன நிலையங்களில் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. 139-க்கு போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். கோவையில் வைப்பதாக இருந்தால் திரும்பும் ரயிலையும் கோவையிலிருந்தே போட்டுக்கொள்ளுங்கள். ரயில் டிக்கெட், அடையாள அட்டை இரண்டையும் கேட்பார்கள். பஸ்ஸில் வந்து பஸ்ஸில் திரும்புகிறவர் டிக்கெட் இல்லாமல் போய் நின்றால் வாங்க மாட்டார்கள். பூட்டாத பையையும் வாங்க மாட்டார்கள். கட்டைப்பை, வாய் திறந்த துணிப்பை எல்லாம் திரும்பி வந்துவிடும். கட்டணம் பைக்கு இவ்வளவு, 24 மணி நேரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு. கவுன்டர் ராத்திரி எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று பையை வைக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். ரயில் கிளம்பும் நேரத்தில் ஆள் இல்லாமல் கதவு சாத்தியிருந்தால், பை பத்திரமாகத்தான் இருக்கும், வண்டி போய்விடும்.

ரசீதுக்கு ஏன் இத்தனை மதிப்பு? 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவின்படி, ரயில்வே ஊழியர் பதிவு செய்து ரசீது கொடுக்காத சாமானுக்கு ரயில்வே பொறுப்பேற்காது. நாமே பெட்டிக்குள் கொண்டு போகும் சாமான் என்றால், ரயில்வேயின் அலட்சியத்தால்தான் போனது என்று நாம் நிரூபிக்கவும் வேண்டும். எனவே அந்தத் துண்டுக் காகிதத்தை வாங்கியதும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அது தொலைந்தால் பையில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லி, உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, வரிசையில் நிற்கிறவர்களின் முணுமுணுப்பையும் கேட்டுக்கொண்டுதான் பையை மீட்க முடியும்.

பூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் பூட்டுவது சும்மா பெயருக்குத்தான். துணிப் பெட்டியின் ஜிப்பில் இரண்டு இழுப்பான்கள் இருக்கும். இரண்டையும் சேர்த்து ஒரு சின்னப் பூட்டு போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். பால்பாயின்ட் பேனாவின் முனையை ஜிப் பல்லுக்கு நடுவே வைத்து அழுத்தினால் ஜிப் பிளந்துகொள்ளும். வேண்டியதை எடுத்த பிறகு, பூட்டோடு சேர்த்து இழுப்பான்களை ஒரு முறை முன்னும் பின்னும் ஓட்டினால் ஜிப் பழையபடி மூடிக்கொள்ளும். திறந்த தடமே இருக்காது. நமக்கு ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். இதற்கு மாற்று, இழுப்பான்களைப் பெட்டியில் தைத்திருக்கும் கைப்பிடியோடோ வளையத்தோடோ சேர்த்துப் பூட்டுவது. அப்போதும் பேனாவால் பிளக்கலாம், ஆனால் இழுப்பான் நகராததால் மறுபடி மூட முடியாது. பையை வாங்கும் இடத்திலேயே, அந்த ஆள் முன்னாலேயே கண்டுபிடித்துவிடலாம். பூட்டு இல்லையென்றால் எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் கேபிள் டை ஒன்றை அதே மாதிரி மாட்டலாம். அதை அறுத்தால் தெரிந்துவிடும். ஆனால் கிளாக் ரூமில் அதைப் பூட்டாக ஏற்பார்கள் என்று சொல்ல முடியாது.

நகை, பணம், லேப்டாப், அசல் சான்றிதழ் எதையும் எந்தப் பூட்டை நம்பியும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. கல்யாண நகையோடு சுற்றுலா போகவே வேண்டாம் என்பது என் கட்சி. உறவினர் வீட்டு பீரோவில் ஒரு பகல் இருக்கட்டும்.

இரண்டாவது வழி, ராத்திரி தங்கிய லாட்ஜ். அறையைக் காலி செய்த பிறகும் சாயங்காலம் வரை ரிசப்ஷனில் பையை வைத்துக்கொள்வது பெரும்பாலான இடங்களில் வழக்கம். ‘ஓரமா வெச்சிட்டுப் போங்க சார், யாரும் எடுக்க மாட்டாங்க’ என்பார்கள். டோக்கன் கேளுங்கள், இல்லையென்றால் ஒரு தாளில் பெயர், பைகளின் எண்ணிக்கை, நேரம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், பிறர் பொருளைப் பாதுகாக்க வாங்கிக்கொண்டவர் தன் பொருளைப் போல அதைக் கவனிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. ‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று டோக்கனில் அச்சடித்திருந்தால்? டெல்லி நட்சத்திர ஓட்டல் ஒன்றில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடுபோன வழக்கில், தன் அலட்சியத்தால் ஏற்பட்ட இழப்பிலிருந்து இப்படி ஒரு வரியைக் காட்டி ஓட்டல் தப்பிக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது காருக்கான தீர்ப்புதான். ஆனாலும் கவுன்டரில் வாக்குவாதம் வந்தால் நினைவில் இருக்கட்டும்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ‘அண்ணே, பை இருக்கட்டும்’ என்று வைத்துவிட்டுப் போகும் பழக்கமும் நம் ஊரில் உண்டு. தெரிந்த கடையென்றால் சரி. தெரியாத கடைக்காரர் தயங்கினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளைப் பார்த்த கோவை வட்டாரத்தில் ஆளில்லாத பை என்றால் இன்றும் ஒரு பயம் இருக்கிறது.

இனி மேலே போகும் சின்னப் பை. இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மேட்டுப்பாளைய வெயிலில் ஸ்வெட்டர் நினைவுக்கு வராது. அது பெரிய பெட்டியின் அடியில் பூட்டிக் கிடக்கும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். நான்கு மணிக்கு மஞ்சு இறங்கியதும் குழந்தை நடுங்கும். ஸ்வெட்டர் மட்டும் போதாது. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் ஆள் மேலே, பை கீழே என்று ஒரு ராத்திரி தங்க நேரலாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை இரண்டு வேளைக்கு, போன் சார்ஜர், அடையாள அட்டை, ஒரு மாற்றுத்துணி இவை கையோடு இருக்க வேண்டும். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். பிளாஸ்டிக் பாட்டிலை நீலகிரிச் சோதனைச்சாவடியில் பிடுங்கிவிடுவார்கள்.

மலை ரயிலில் போகிறவர்கள் ஹில்குரோவில் கவனமாக இருங்கள். இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும் நேரத்தில் மொத்தப் பெட்டியும் படம் எடுக்க இறங்கிவிடும். பெட்டிக் கதவு நேராக பிளாட்பாரத்தில் திறக்கிறது. பை சீட்டில் கிடக்கிறது. கூரையில் குரங்கு காத்திருக்கிறது. பிஸ்கட் பாக்கெட் சரசரக்கும் கேரி பேக் என்றால் அதற்குத் தனி ஆசை. பிடித்து இழுத்தால் கடிக்கும், விட்டுவிடுவதே மேல். தின்பண்டத்தை ஜிப் போட்ட பைக்குள் வைத்து, ஒருவர் காவலுக்கு உள்ளேயே இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பஸ்ஸில் என்றால் தலைக்கு மேல் பலகையில் பையை வைக்காதீர்கள். கொண்டை ஊசி வளைவில் அது அடுத்தவர் தலையில் இறங்கும். காலுக்கு நடுவில் வைத்து, வாரை ஒரு காலில் மாட்டிக்கொள்ளலாம்.

சொந்தக் காரில் வருகிறவர்கள் பார்க்கிங்கில் வந்து நின்ற பிறகு, நாலு பேர் பார்க்க டிக்கியைத் திறந்து லேப்டாப் பையை உள்ளே தள்ளுவார்கள். ஏற்பாட்டையெல்லாம் கிளம்பிய இடத்திலேயே முடித்துவிட்டு வரவேண்டும். சீட்டில் காலிப் பைகூடத் தெரியக் கூடாது. வாடகை வண்டி என்றால் வண்டி எண்ணையும் டிரைவர் எண்ணையும் போனில் குறித்துக்கொண்டு, சாப்பாட்டுக்குப் போகும்போது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம்.

இத்தனைக்கும் மீறிப் போய்விட்டால், ரயிலில் என்றால் அதே 139, அல்லது ரயில்வே போலீஸ். மற்ற இடத்தில், குன்னூரில் தொலைந்தது கோவை வந்த பிறகுதான் தெரிந்தது என்றாலும் மறுபடி மலை ஏற வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ‘எங்க எல்லை இல்ல’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. பையின் நிறம், கம்பெனி, உள்ளே இருந்த சாமான் பட்டியல் எல்லாம் கேட்பார்கள். காலையில் பூட்டுமுன் பெட்டியைத் திறந்து வைத்து ஒரு படம், மூடிய பிறகு ஒரு படம் எடுத்திருந்தால், அதைக் காட்டினால் போதும்.