முகப்பு விளக்கில் விழுந்த புரை

குன்றத்தூர் மலையடிவாரத்தைச் சுற்றி எழுந்திருக்கும் நகர்களுக்குள் ஒரு மத்தியானம் நடந்து பாருங்கள். வீட்டுக்குள் நிறுத்த இடமில்லாத கார்களெல்லாம் தெருவோரம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். எட்டு, பத்து வருடம் ஓடிய வண்டியாக இருக்கும். பெயிண்ட் இன்னும் பளபளக்கும், டயர்கூடப் புதிதாக இருக்கும். முன்னால் உள்ள இரண்டு ஹெட்லைட் மட்டும் மஞ்சள் பூத்து, கண்ணில் புரை விழுந்ததுபோல் மங்கிக் கிடக்கும்.

தூசி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர் லாரிகளின் பின்னால் தினமும் போய்வருகிறவர்கள் அப்படி நினைப்பது இயல்புதான். ஷாம்பூ போட்டுத் தேய்ப்பார்கள், போகாது. பல்பு பழசாகிவிட்டது என்று அதிக வாட் பல்பு போடுவார்கள், அப்போதும் சாலை தெளியாது. காரணம், அது விளக்கின் மேல் படிந்த அழுக்கே அல்ல. விளக்கின் மேல்தோலே வெயில் பட்டுப் பட்டு வேறொரு பொருளாக மாறிவிட்டது.

அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. அவற்றின் வட்ட விளக்குகள் கண்ணாடி. கல் தெறித்தால் விரிசல் விடும், ஆனால் எத்தனை கோடை கண்டாலும் மஞ்சளாகாது. கண்ணாடியின் இடத்தைப் பிடித்த பொருள் பாலிகார்பனேட். 1953-இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியாகக் கண்டுபிடித்த பிளாஸ்டிக் இது. எடை கண்ணாடியில் பாதிதான். சுத்தியலால் அடித்தாலும் லேசில் உடையாது. ஏறக்குறைய 147 டிகிரி செல்சியஸ் வரை இளகாது என்பதால் சூடான பல்புக்கு முன்னாலும் உட்காரும். ஹெல்மெட் வைசரும் சி.டி.யும் இதில் செய்தவைதான். அமெரிக்காவில் 1983-இல் முகப்பு விளக்குக்கான விதி தளர்ந்ததும், 1984 மாடல் லிங்கன் மார்க் செவன் காரில் பல்பை மட்டும் மாற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் முகப்பு விளக்கு வந்தது. அதன் பிறகு வண்டியின் வளைவுக்கேற்ப விளக்கையும் வளைக்கலாம் என்றாயிற்று. இன்று நம் வட்டாரத்திலேயே, திருமழிசையை அடுத்த புதுச்சத்திரத்தில், லூகாஸ்-டிவிஎஸ்ஸும் ஜப்பானின் கொய்ட்டோவும் சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலையில் கார் விளக்குகள் தயாராகின்றன.

விளக்கின் அந்த வளைவுதான் வெயிலுக்கு வழிவிட்டது. பழைய வட்ட விளக்கு செங்குத்தாக நின்றது. இன்றைய விளக்கு பானெட்டின் மேலேறி, வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால் சூரியன் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும், நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. மங்கிப்போன ஹெட்லைட்டை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் மேல்விளிம்பு கடுமையாக மஞ்சளித்திருக்கும், கீழ்ப்பகுதி ஓரளவு தெளிவாக இருக்கும். வெயில் எங்கே அதிகம் விழுந்தது என்பது அதிலேயே பதிவாகியிருக்கிறது.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர், பாலிகார்பனேட்டின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அங்கங்கே அறுக்கிறது. அறுந்த துண்டுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து புதிய சேர்மங்களாகின்றன. அவற்றில் சில நீல ஒளியை விழுங்கிவிடுவதால், மீதி ஒளி நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. சங்கிலி குட்டையான இடத்தில் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை அடைகிறது. பகல் சூட்டில் விரிந்து, இரவில் சுருங்கி, மழையிலும் கடற்கரை ஊரின் ஈரக்காற்றிலும் ஊறி, கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான வெடிப்புகள் விழுகின்றன. இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. மேலே உருவான மஞ்சள் படலமே புற ஊதாக் கதிரைத் தடுத்துக்கொள்வதால் சேதம் ஆழமாக இறங்குவதில்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள விளக்கில் கெட்டுப்போனது மேலே சில பத்து மைக்ரான் மட்டும்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இதெல்லாம் நடக்கும் என்று தெரிந்துதான் தொழிற்சாலையில் பாலிகார்பனேட்டின் மேல் கடினமான ஒரு மெல்லிய பூச்சு கொடுத்து, அதில் புற ஊதாவை உறிஞ்சும் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். அந்தப் பொருள் ஆண்டுக்காண்டு செலவாகிக்கொண்டே வருகிறது. மணல் தெறித்து பூச்சில் கீறல் விழுகிறது. பூச்சு போன பிறகுதான் வெயிலின் வேலை தொடங்குகிறது.

குன்றத்தூரில் ஒரு டிங்கரிங் பட்டறையில், மங்கிய ஹெட்லைட்டைத் தேய்த்துத் தெளிவாக்கும் இளைஞரின் கையை அருகில் நின்று பார்த்தேன். வாட்டர் பேப்பரை எடுப்பதற்கு முன் அவர் ஒரு குவளைத் தண்ணீரை விளக்கின் மேல் ஊற்றினார். பால்போல் வெளுத்திருந்த விளக்கு சட்டென்று தெளிந்தது, உள்ளே பல்பு வரைக்கும் தெரிந்தது. “பாத்தீங்களா சார், தண்ணி பட்டா தெளியுது. அப்ப கோளாறு வெளிப்பக்கம்தான், தேச்சா போயிரும். தெளியலேன்னா உள்ள போயிருக்கு, தொடவே கூடாது” என்றார். தண்ணீர் வழிந்து காய்ந்ததும் மீண்டும் அதே மங்கல்.

இந்தச் சில நொடிகளுக்குள் ஒளியியலின் அருமையான பாடம் ஒன்று இருக்கிறது. ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது எவ்வளவு திரும்புகிறது என்பதை ஒளிவிலகல் எண் சொல்லும். காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, பாலிகார்பனேட்டுக்கு 1.58. வெடிப்புகளுக்குள் காற்று இருக்கும்போது காற்றுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. அதனால் ஒவ்வொரு வெடிப்பின் ஓரத்திலும் ஒளி முட்டி, கண்டபடி சிதறுகிறது. சிதறிய ஒளிதான் வெண்மையாகத் தெரிகிறது. தண்ணீர் அந்த வெடிப்புகளை நிரப்பியதும் வித்தியாசம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது, ஒளி நேராகக் கடந்துபோகிறது. அப்படியென்றால், காய்ந்து போகாத ஒரு பொருளை அதே வெடிப்புகளில் நிரப்பினால் போதுமே? சரிதான். விளக்கைத் தேய்த்து முடித்தபின் கடைசியில் பூசும் கோட்டிங் அந்த வேலையையும் சேர்த்தே செய்கிறது. அதன் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5.

சிதறல் என்பது அழகுப் பிரச்சினை அல்ல. அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் அமைப்பான ஏஏஏ 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மங்கி மஞ்சளித்த விளக்குகள் புதிய விளக்கு தரும் ஒளியில் 20 சதவீத அளவுக்குத்தான் தருகின்றன. மீதியில் ஒரு பங்கு சாலைக்குப் போகாமல் மேலே சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கிறது. பல்லாவரம்–குன்றத்தூர் சாலையில் இரவில் எதிரே வருபவர் பெரும்பாலும் இருசக்கர வாகனத்தில் இருப்பவர். வழக்கமான எச்4 பல்பு 60/55 வாட். அதை விட்டு 100 வாட் போடும்போது நமக்குக் கூடுதலாகத் தெரிவதைவிட அவருக்குக் கூடுதலாகக் கூசுகிறது. போதாக்குறைக்கு அந்தச் சூட்டில் விளக்குக்குள் இருக்கும் ரிஃப்ளெக்டரும் கருகும். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன்: மங்கிய விளக்குக்குப் பெரிய பல்பு மருந்தல்ல.

விளக்கைத் தேய்த்துத் தெளிவாக்குவதை வீட்டில் செய்வது கடினமில்லை, பொறுமை வேண்டும். நிழலில், விளக்கு சூடாக இல்லாத நேரத்தில், நன்றாகக் கழுவி, சுற்றியுள்ள பெயிண்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1500, 2000, கிடைத்தால் 3000 என்று போக வேண்டும். தண்ணீர் விட்டுக்கொண்டே, ஒரு தாளில் இடவலமாகத் தேய்த்தால் அடுத்த தாளில் மேலும் கீழுமாகத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் முந்தைய கீறல் போய்விட்டதா என்பது தெரியும். முதல் தாளில் மஞ்சள் நிறத்தில் பால் வடியும். அது வெள்ளைப் பாலாகும் வரை அடுத்த தாளுக்குப் போகக் கூடாது. பழைய பூச்சு எங்கேயாவது திட்டாக ஒட்டியிருந்தால் புதியது அந்த இடத்தில் உரிந்துவிடும். இந்தக் கட்டத்தில் விளக்கு முன்பைவிட மோசமாகத் தெரியும், பயப்பட வேண்டாம். 1000 நம்பர் தாளின் துகள் சுமார் 18 மைக்ரான், 2000-இல் சுமார் 10. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ அரை மைக்ரான் அளவு. கீறல்கள் அதற்கும் கீழே போனால்தான் ஒளிக்கு அவை தென்படாது. கடைசித் தாளுக்குப் பிறகு ரப்பிங் காம்பவுண்டும் பாலிஷும் போடுவது இதற்காகத்தான்.

பாலிஷ் முடிந்து விளக்கு பளிச்சென்று மின்னும் நேரத்தில் பலர் வேலையை நிறுத்திவிடுகிறார்கள். மொத்த உழைப்பும் வீணாவது அங்கேதான். இப்போது வெளியே தெரிவது எந்தக் காப்பும் இல்லாத வெறும் பாலிகார்பனேட். நம் வெயிலில் சில மாதங்களில் மறுபடி மஞ்சளித்துவிடும். பற்பசை வைத்துத் தேய்ப்பதன் குறையும் இதுதான். அதிலுள்ள மென்மையான சுண்ணத் துகள் மேலே கொஞ்சம் மெருகேற்றும், காப்பு எதையும் தராது. கொசு விரட்டி ஸ்ப்ரே அடிப்பது இன்னும் மோசம், அதிலுள்ள டீட் என்ற வேதிப்பொருள் பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும். பெட்ரோலும் தின்னரும் பாலிகார்பனேட்டில் புது வெடிப்புகளை உண்டாக்கும்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்துவிட்டு, ஹெட்லைட்டுக்கென்றே விற்கும் யு.வி. கோட்டிங்கைப் பூச வேண்டும். துணியில் தொட்டுப் பூசும் வகை வீட்டுக்குப் போதும். இரண்டு பாகம் கலந்து அடிக்கும் 2கே கிளியர் கோட் அதிக நாள் தாங்கும், ஆனால் அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பாதிப்பது. துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. அதைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுவதே நல்லது. பூச்சு காய்ந்த பிறகு தெளிவான பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டினால் மணல் தெறிப்பிலிருந்தும் தப்பலாம்.

எவ்வளவு நன்றாகச் செய்தாலும் புது விளக்கின் ஒளி முழுதும் திரும்பாது. அதே ஏஏஏ ஆய்வில் சீரமைத்த விளக்குகள் 70 சதவீதம் அளவுக்கு மீண்டன. 20-இலிருந்து 70 என்பது சில வாட்டர் பேப்பர் தாள்களுக்கும் ஒரு காலை நேரத்துக்கும் கிடைக்கும் பெரிய ஆதாயம். உள்ளே ரிஃப்ளெக்டரே கறுத்திருந்தால் மட்டும் செலவைப் பார்க்காமல் புது விளக்கு மாட்டுங்கள்.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, ஹெட்லைட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது நம் வழக்கம். இந்த முறை பொட்டு வைப்பதற்கு முன் ஒரு கை தண்ணீரை விளக்கின் மேல் தெளித்துப் பாருங்கள். தெளிந்தால் அந்த வாரமே வேலையை முடித்துவிடுங்கள். அடுத்து வருவது வடகிழக்குப் பருவமழை. அது பிடித்துக்கொண்டால் பூச்சு காய்வதற்கு உலர்ந்த நாள் கிடைப்பது அரிது.