விற்க முடியாத வீடுகள்

பார்சிலோனாவில் புதிதாக அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டுகிறவர்கள் அதன் அடியில் கார் நிறுத்தத் தளமும் அமைக்க வேண்டும் என்ற விதி இருந்தது. சான்ட்ஸ் பகுதியில் 28 வீடுகள் கட்டக் கிளம்பிய ஒரு கூட்டுறவுச் சங்கம் அந்தத் தளம் தனக்கு வேண்டாம் என்றது. பூமியைத் தோண்டி, நான்கு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பி, காருக்கு இடம் செய்வதில் எவ்வளவு பணமும் சிமெண்டும் போகும் என்று அதன் உறுப்பினர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். நகராட்சியோடு பேசிப் பேசி விதிவிலக்கு வாங்கினார்கள். நிலத்தடித் தளம் இல்லாமலே கட்டடம் எழுந்தது. அதன் பெயர் லா போர்டா. 2018 இறுதியில் குடும்பங்கள் அங்கே குடியேறின.

தரைத்தளம் மட்டும் கான்கிரீட். அதற்கு மேலே எல்லாம் மரம். பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய கனத்த மரப்பாளங்களே சுவர்களாகவும் தளங்களாகவும் நிற்கின்றன. கட்டி முடித்த சமயத்தில் ஸ்பெயினிலேயே மிக உயரமான மரக் கட்டடம் இதுதான். உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. மரமோ வளரும்போது உள்வாங்கிய கரியைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும். இதை வடிவமைத்த லாகோல் என்பதும் ஒரு கூட்டுறவுச் சங்கம்தான். அதே வட்டாரத்தைச் சேர்ந்த இளம் கட்டடக் கலைஞர்கள் நடத்துவது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மீஸ் வான் டெர் ரோ விருதில் வளரும் கலைஞர்களுக்கான பரிசு இந்தக் கட்டடத்துக்காக அவர்களுக்குக் கிடைத்தது.

மரமும் விருதும் கண்ணில் படுகிற விஷயங்கள். லா போர்டாவின் உண்மையான புதுமை அதன் பத்திரத்தில் இருக்கிறது.

அந்தக் கதை பக்கத்திலிருக்கும் ஒரு பழைய ஆலையில் தொடங்குகிறது. கான் பட்லியோ என்ற அந்த வளாகம் 19ஆம் நூற்றாண்டு நெசவாலை. ஆலை ஓய்ந்த பிறகு, 1976ஆம் ஆண்டின் நகரத் திட்டம் அந்த இடத்தைப் பூங்காவுக்கும் பொதுப் பயன்பாட்டுக்கும் ஒதுக்கியது. காகிதத்தில் ஒதுக்கியதோடு சரி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. இதற்கிடையே 2008இல் ஸ்பெயினின் வீட்டுச் சந்தை சரிந்தது. தவணை கட்ட முடியாத குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டன. பொறுமை இழந்த வட்டார மக்கள் நாள் குறித்து அறிவித்தார்கள்: அதற்குள் வேலை தொடங்காவிட்டால் நாங்களே உள்ளே நுழைவோம். 2011 ஜூன் 11 அன்று அப்படியே நுழைவதற்கு ஊரே திரண்டது. நகராட்சி இறங்கிவந்து ஒரு கட்டடத்தின் சாவியைக் கொடுத்தது. அங்கே நூலகம், அரங்கம், தச்சுப் பட்டறை என்று மக்களே ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டார்கள். சுத்தியல் பிடித்துப் பழகிய அந்தக் கூட்டத்தில்தான், குடியிருக்க வீட்டையும் இப்படியே கட்டினால் என்ன என்ற பேச்சு எழுந்தது. 2012இல் சங்கம் உருவாகத் தொடங்கியது.

நம்மூரில் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் என்றால் மனை பிரித்துக் கொடுப்பதும் வீட்டுக் கடன் தருவதும் நினைவுக்கு வரும். கடன் அடைந்ததும் பத்திரம் உறுப்பினர் கைக்கு வந்துவிடும். பிறகு அவர் விற்கலாம், வாடகைக்கு விடலாம். லா போர்டாவில் அப்படி இல்லை. நிலம் நகராட்சியுடையது, 75 ஆண்டுக் குத்தகைக்குச் சங்கத்திடம் இருக்கிறது. கட்டடம் சங்கத்துடையது. குடியிருப்பவருக்கு இருப்பது வாழும் உரிமை மட்டும். நுழையும்போது ஒரு வீட்டுக்குச் சுமார் 18,500 யூரோ கட்ட வேண்டும். வெளியேறும்போது அது திரும்பக் கிடைக்கும். மாதாமாதம் செலுத்தும் தொகை கட்டடக் கடனுக்கும் பராமரிப்புக்கும் போகிறது. வீட்டை விற்க முடியாது, உள்வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கவும் முடியாது. ஒருவர் போனால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவர் வருகிறார். அரசு ஆதரவு பெற்ற வீடுகள் என்ற வகையில் இவை பதிவானதால், வருமான வரம்புக்கு உட்பட்டவர்கள்தான் சேர முடியும்.

சுற்றுச்சூழலுக்கும் பத்திரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நெருங்கிய தொடர்பு இருக்கிறது. விற்பதற்காகக் கட்டுகிற நிறுவனத்துக்குச் சாவி கொடுக்கும் நாள்வரைதான் அக்கறை. வெயில் உள்ளே இறங்கி ஏசி ஓடிக்கொண்டே இருந்தால் மின்கட்டணம் வாங்கியவர் தலையில். லா போர்டாவில் கட்டச் சொன்னவர்களே அடுத்த பல பத்தாண்டுகளுக்குக் கட்டணமும் கட்டப்போகிறவர்கள். இன்று கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்தால் இருபது ஆண்டுகளில் எவ்வளவு மிஞ்சும் என்ற கேள்விக்கு அங்கே மதிப்பு இருந்தது. சுற்றுச்சூழலைக் காக்கும் வீடு என்று விளம்பரம் செய்து, கூரையில் நாலு சூரியத் தகடுகளை வைத்து விற்கிற கட்டடங்களிலிருந்து இது வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

கட்டடத்தின் நடுவே முற்றம் இருக்கிறது. அதைச் சுற்றி ஒவ்வொரு தளத்திலும் திறந்த நடை ஓடுகிறது. வீட்டுக் கதவுகள் அந்த நடையில் திறக்கின்றன. முற்றத்தின் மேல், செடி வளர்க்கும் கண்ணாடிக் குடில்களில் இருப்பது போன்ற ஒளிபுகும் பாலிகார்பனேட் கூரை. குளிர்காலத்தில் கூரையை மூடிவிடுவார்கள். பகல் வெயிலின் சூடு உள்ளேயே தங்கிவிடும். கோடையில் திறந்துவிடுவார்கள்; சூடான காற்று மேலேறி வெளியே போக, கீழிருந்து குளிர்ந்த காற்று வந்து நிரப்பும். மின்சாரம் கேட்காத இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று குடியிருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டடத்தைக் கையாளக் கற்பதும் அங்கே குடித்தனத்தின் ஒரு பகுதி. தண்ணீர் சுடவைக்க வீட்டுக்கு வீடு தனிக் கொதிகலன் கிடையாது. எல்லோருக்கும் பொதுவாக ஒன்றுதான்.

வீடுகள் சிறியவை. சுமார் 40, 60, 75 சதுர மீட்டர் என்று மூன்று அளவுகள். நம் கணக்கில் 430 சதுர அடியிலிருந்து 800 சதுர அடி வரை. இதில் குடும்பம் நடத்த முடிவதற்குக் காரணம், வீட்டுக்குள் இருந்த சில வேலைகள் வெளியே போய்விட்டதுதான். துணி துவைக்கப் பொதுச் சலவை அறை. ஊரிலிருந்து உறவினர் வந்தால் தங்க விருந்தினர் அறை. நாற்பது பேருக்குச் சமைக்க வேண்டுமென்றால் பெரிய சமையலறையும் உணவுக்கூடமும். கூட்டம் போட, குழந்தைகள் விளையாட, உடம்பு முடியாதவர்களைக் கவனித்துக்கொள்ள என்று தனித்தனி இடங்கள் உண்டு. சைக்கிள் நிறுத்தவும் இடம் உண்டு.

28 வீட்டுக்கும் 28 வாஷிங் மெஷின் என்றால் அவை பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும். நல்ல தரமான சில இயந்திரங்களை எல்லோரும் மாறி மாறிப் பயன்படுத்தினால் உற்பத்தியாகும் இரும்பும் பிளாஸ்டிக்கும் குறையும். ஒவ்வொரு வீட்டிலும் அதற்கான மூலையும் மிஞ்சும். விருந்தினர் அறையும் அப்படித்தான். வருடத்தில் சில வாரங்களுக்காகப் படுக்கையறை ஒன்றைக் கூடுதலாகக் கட்டி, ஆண்டு முழுவதும் பெருக்கித் துடைத்துக் கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆளுக்கு இத்தனை சதுர மீட்டர் என்ற எண் குறையும்போது கட்டுமானப் பொருளும் குறைகிறது, குளிரூட்டவும் சூடேற்றவும் ஆகும் ஆற்றலும் குறைகிறது. புதுக் கருவி எதுவும் கண்டுபிடிக்காமலே கிடைக்கிற லாபம் இது.

பணம் திரட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது. வீட்டுக் கடன் தரும் வங்கி, கடன் திரும்பாவிட்டால் வீட்டை விற்றுக்கொள்ளலாம் என்ற தைரியத்தில்தான் தருகிறது. விற்கவே கூடாது என்று எழுதிவைத்த வீட்டுக்கு எந்த வங்கி தரும்? கைகொடுத்தது கூப்57 என்ற நிதிக் கூட்டுறவு. அதன் பிறப்பே ஒரு தொழிலாளர் கதை. புருகேரா என்ற பெரிய பதிப்பகம் 1980களில் மூடப்பட்டபோது வேலையிழந்தவர்கள் போராடி இழப்பீடு வாங்கினார்கள். அந்தப் பணத்தின் ஒரு பகுதியை, மற்ற கூட்டுறவுகளுக்குக் கடன் கொடுப்பதற்காக ஒதுக்கிவைத்தார்கள். 1995இல் அது முறையான நிதி நிறுவனமானது. மூடிய பதிப்பகத்தின் ஊழியர்கள் சேர்த்த பணம், பல ஆண்டுகள் கழித்து வேறு சிலருக்கு வீடாக நிற்க உதவியிருக்கிறது.

செலவைக் குறைக்க வீடுகள் முழுமையாக முடிக்கப்படாமலே கைமாறின. உள்வேலைகளில் பலவற்றைக் குடும்பங்கள் தாங்களே செய்துகொண்டன. கணக்கு, சட்டம், கட்டுமானம், பராமரிப்பு, அண்டைவீட்டுச் சச்சரவு என்று ஒவ்வொன்றுக்கும் உறுப்பினர்களே குழு அமைத்துக்கொள்கிறார்கள். முடிவுகள் பொதுக்கூட்டத்தில் எடுக்கப்படுகின்றன. வேலை முடிந்து களைத்துவரும் ஒருவருக்கு, கைக்குழந்தை வைத்திருப்பவருக்கு, இந்தக் கூட்டங்கள் சுமைதான். பகிர்வு என்பதைச் சிரித்த முகங்களின் புகைப்படமாக மட்டும் காட்டுகிறவர்கள் இந்தச் சுமையைச் சொல்வதில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள யாராவது முறைபோட்டு நின்றால்தான் தாய்மார்கள் கூட்டத்தில் வாய்திறக்க முடியும்.

28 வீட்டில் நடப்பது ஆயிரம் பேருக்கு நடக்குமா? சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் நடக்கிறது. அங்கே 50க்கும் மேற்பட்ட கூட்டுறவுகள் சேர்ந்து ஒரு புதிய சங்கத்தை உருவாக்கின. பழைய கான்கிரீட் ஆலை இருந்த ஹுன்சிகர் அரேயாலில் 13 கட்டடங்கள் எழுந்தன; 2015க்குள் மக்கள் குடிவந்தார்கள்; இன்று 1,200 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். வேலைக்கோ உடல்நிலைக்கோ தவிர்க்க முடியாத தேவை இருந்தாலொழிய சொந்தக் கார் வைத்துக்கொள்வதில்லை என்று குடிவருகிறவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். அருகிலிருக்கும் கணினி மையத்தில் வீணாகும் வெப்பம் குழாய் வழியே வீடுகளைச் சூடாக்குகிறது. அங்கே வசிப்பவர்கள் முன்னின்று தொடங்கிய காய்கறிக் கூட்டுறவில் உறுப்பினர்கள் ஆண்டுக்குச் சில நாட்கள் வயலில் இறங்கி வேலை செய்கிறார்கள். வாரந்தோறும் ஒரு பை காய்கறி வருகிறது. சூரிச்சில் இதெல்லாம் திடீரென்று முளைத்ததில்லை. அந்த நகரம் 1907 முதலே கூட்டுறவு வீடுகளை ஆதரித்துவருகிறது. லாப நோக்கமற்ற வீடுகளின் பங்கை 2050க்குள் வாடகை வீடுகளில் மூன்றில் ஒன்றாக உயர்த்த வேண்டும் என்று 2011இல் வாக்காளர்களில் நான்கில் மூன்று பங்கினர் வாக்களித்தார்கள். அரசு நிலமும் அரசின் நீண்டகால ஆதரவும் இல்லாமல் பார்சிலோனாவிலோ சூரிச்சிலோ ஒரு செங்கல்கூட எழுந்திருக்காது. கூட்டுறவு வாழ்வை மக்களின் நல்லெண்ணத்தின் சாதனையாக மட்டும் பேசினால் பாதி உண்மை விடுபட்டுப்போகும்.

இந்த ஏற்பாட்டைக் கட்டிக்காப்பதும் எளிதில்லை. லா போர்டாவினர் பாடம் கேட்ட நாடுகளில் ஒன்று டென்மார்க். கோபன்ஹேகனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு வீடு கூட்டுறவு வகையைச் சேர்ந்தது. 2000களின் நடுவில் அந்த வீடுகளின் பங்குகளை அடமானம் வைக்க வழி திறக்கப்பட்டது. பங்குகளின் விலை சந்தையோடு சேர்ந்து மளமளவென்று ஏறியது. குறைந்த பணத்தில் உள்ளே வந்த ஒரு தலைமுறை, அடுத்த தலைமுறைக்கு எட்டாத விலையில் பங்குகளைக் கைமாற்றியது. பார்சிலோனாவில் நிலத்தை விற்காமல் நகராட்சி தன் பெயரிலேயே வைத்திருப்பது இந்த ஓட்டையை அடைக்கிறது.

அடைபடாத ஓட்டையும் உண்டு. 18,500 யூரோ பார்சிலோனாவில் ஒரு வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் சிறு தொகைதான். ஆனால் கையில் சேமிப்பே இல்லாத குடும்பத்துக்கு அது எட்டாத உயரம். லா போர்டாவினர் பாடம் கேட்ட இன்னொரு நாடான உருகுவேயில் இதற்கு வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். 1968இல் அங்கே வந்த வீட்டு வசதிச் சட்டம், முன்பணத்துக்குப் பதிலாக உழைப்பைப் பங்காக ஏற்றுக்கொண்டது. பரஸ்பர உதவிக் கூட்டுறவுகளின் கூட்டமைப்பு 1970இல் உருவானது. கட்டுமானம் நடக்கும் காலம் முழுவதும் ஒவ்வொரு குடும்பமும் வாரத்துக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் வந்து வேலை செய்ய வேண்டும். கட்டடச் செலவில் சுமார் 15 சதவீதம் இந்த உழைப்பால் ஈடாகிறது. மீதி அரசுக் கடன். ஆண்களும் பெண்களும் கலவை குழைக்கிறார்கள், செங்கல் சுமக்கிறார்கள், இரவுக் காவலுக்கு முறைவைத்து நிற்கிறார்கள். யாருக்கு எந்த வீடு என்பதைப் பல சங்கங்களில் கட்டி முடித்த பிறகு சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிக்கிறார்கள். அதுவரை எந்தச் சுவரையும் தன்னுடையது என்று நினைத்து நன்றாகவும், பிறருடையது என்று நினைத்து மோசமாகவும் கட்ட வழியில்லை.