அர்மானியும் அடையாற்றுத் தறியும்

காட்டுப்பள்ளியில் மளிகைக் கடை நடத்தும் நம் சங்க அன்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "2025 செப்டம்பரில் இத்தாலிக்காரர் ஒருவர் காலமானதற்குப் பேப்பரில் அவ்வளவு பெரிய செய்தி போட்டார்களே, கோட்டு தைத்தவருக்கு ஏன் சார் இத்தனை மரியாதை?"

நியாயமான கேள்விதான். அந்த ஜார்ஜியோ அர்மானி நம்மைப் போலக் கடையில் நின்று தொழில் பழகியவர். டாக்டர் படிப்பைப் பாதியில் விட்டு, மிலான் நகரத்துப் பெரிய அங்காடி ஒன்றில் ஷோகேஸ் அலங்கரிக்கும் வேலைக்குப் போனார். 1975-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். கோட்டின் உள்ளே வைக்கும் விறைப்பை எடுத்துவிட்டு, உடம்போடு இழைந்து விழும்படி தைத்தார். அவ்வளவுதான், உலகமே அதன் பின்னால் போனது.

இப்படி மக்கள் ரசனையையே திருப்பியவர் நம் சென்னையிலும் இருந்தார். ருக்மிணி தேவி அருண்டேல் என்றால் நமக்குப் பரதநாட்டியம்தான் ஞாபகம் வரும். 1904-ல் மதுரையில் பிறந்து, 1936-ல் அடையாற்றில் கலாக்ஷேத்திராவை நிறுவிய அம்மையார், சேலைக்குச் செய்த காரியம் வியாபாரிகளாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

மேடைக்கு வேண்டிய பழைய தரத்துச் சேலை கடைகளில் சுலபமாகக் கிடைக்காத காலம் அது. மில் துணியும் ஜார்ஜெட்டும் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அம்மையார் அடுத்த ஆண்டே தறி போட்டுவிட்டார். பாட்டிமார் உடுத்திய அகலக் கரை, அரக்கு, மயில் கழுத்து நிறம், கோபுரக் கரை, ருத்திராட்சக் கரை ஆகியவற்றையே நெசவாளர்களிடம் கேட்டு வாங்கினார். தாமும் அதையே உடுத்தினார். "கலாக்ஷேத்திரா சேலை" என்று கடையில் பெயர் சொல்லிக் கேட்கும் நிலை வந்தது. விளம்பரச் செலவு என்ன ஆகியிருக்கும் என்று நம் மனம் கணக்குப் போடுகிறது!

இந்த அகலக் கரையில்தான் சங்கதி இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் கோர்வை போட வேண்டும். மூன்று நாடா ஓடும். நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார வேண்டும். இரண்டு கூலி. ஆகவே விலை ஏறும். இதே தோற்றத்தை விசைத்தறியில் மலிவாகக் கொண்டுவந்து, கைத்தறி என்று சொல்லி விற்பவர்களும் நம் வணிக உலகில் உண்டு. மறைத்துப் பேச நமக்கு விருப்பமில்லை. அந்த இரண்டாவது ஆளின் கூலிதான் அங்கே திருட்டுப் போகிறது.

கண்டுபிடிப்பது எளிது. கோர்வைச் சேலையில் உடலின் ஊடை நூல் கரைக்குள் போகாது; கரை தன் நிறத்தில் சுத்தமாக நிற்கும். ஊடை கரை வரை ஓடியிருந்தால் கரையின் நிறம் கலங்கித் தெரியும்.

இதைச் சொன்னதும் காட்டுப்பள்ளி அன்பர் வீட்டுக்குப் போய்த் தம் தாயாரின் முகூர்த்தப் பட்டை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே நமக்குப் போன்: "கோர்வைதான் சார்!"