எண்ணெயைப் பிடித்து வைக்கும் படலம்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் ஏந்திய எம்-1 கேரண்ட் துப்பாக்கியின் இரும்புப் பாகங்கள் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்ததற்குக் காரணமான பாஸ்பேட் பூச்சு, பெயின்ட்டைப் போல மேலே தடவப்படுவதன்று. இரும்பின் மேற்பரப்பு வேதிவினைக்கு உட்படுவதால் அங்கேயே விளைவது. இங்கிலாந்தில் தாமஸ் காஸ்லெட் 1906-இல் காப்புரிமை பெற்ற இம்முறையை, 1915-இல் டெட்ராய்ட்டில் தொடங்கப்பட்ட பார்க்கர் நிறுவனம் பெருந்தொழிலாக வளர்த்ததால், துப்பாக்கித் தொழிலில் இது பார்க்கரைசிங் எனப்படுகிறது.

எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் நீக்கி, மணல்வீச்சால் சொரசொரப்பாக்கிய எஃகுப் பாகத்தை, மாங்கனீசு அல்லது துத்தநாக பாஸ்பேட் கரைந்த அமில நீரில் ஏறத்தாழ 90 பாகை செல்சியஸ் சூட்டில் அமிழ்த்தினால், அமிலம் இரும்பைச் சிறிதே அரிக்க, ஹைட்ரஜன் குமிழிகள் சரம்சரமாக எழும்; அதனால் மேற்பரப்பையொட்டி அமிலத்தன்மை குறைய, அதுவரை கரைந்திருந்த உப்பு நுண்படிகங்களாக இரும்பின்மீதே படியும். படிகங்கள் மூட மூடக் குமிழிகள் ஓய்வதால், கைதேர்ந்தவர்கள் கடிகாரத்தைவிடக் குமிழியையே நம்புகிறார்கள். எனினும் இப்படலம் தனித்துத் துருவைத் தடுத்துவிடாது. படிகங்களுக்கு இடையே ஊறி நிற்கும் எண்ணெயே உண்மையான காவல்.

பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிக்கும் வெளிநாட்டினர் தேய்ந்த பாகங்களுக்கு மீண்டும் இப்பூச்சை ஏற்றுவதுண்டு. ஆனால் மணல்வீச்சு கடுமையானால் ஆலையையும் ஆண்டையும் சொல்லும் முத்திரைகள் மழுங்கிவிடும் என்பதால், வரலாற்று மதிப்புள்ள துப்பாக்கிக்கு எண்ணெய்த் துணியே போதும் எனலாம். கடினமாக்கப்பட்ட வில்சுருள்களிலோ, ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அவற்றை நொறுங்கவைக்கும் அபாயமும் உண்டு. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும்.

கொங்கு நாட்டில் இவ்வேதியியல் குடியிருப்பது பவுடர் கோட்டிங் பட்டறைகளில். பொள்ளாச்சித் தோப்புகளின் மோட்டார் அறையில் தொங்கும் ஸ்டார்ட்டர் பெட்டி போன்ற தகட்டுப் பொருள்கள், பெயின்ட் ஏறுமுன் ஏழு தொட்டி முறை எனப்படும் வரிசையில் பிசுக்கு நீக்கி, அமிலத்தில் துரு களைந்து, இடையிடையே கழுவி, துத்தநாக பாஸ்பேட்டில் மூழ்கி எழுகின்றன. இங்கே படிகங்கள் பிடித்துவைப்பது எண்ணெயை அன்று, பெயின்ட்டை. ஆகவே துப்பாக்கிக்குக் காவலான அதே எண்ணெய் இங்கே பகையாகிறது. தொட்டியிலிருந்து வந்த தகட்டை வெறுங்கையால் தொட்டால்கூட, விரல் பிசுக்குப் பட்ட இடத்தில் பிற்பாடு பெயின்ட் கொப்புளித்து உரியலாம்.